அங்கன்வாடிக் கொல்லையில் கொட்டிய ஷீட்டு

எங்கள் அங்கன்வாடியின் கொல்லைப் பக்கத்துக்கு மண் கேட்டு நான் ஏறி இறங்காத படி இல்லை. ஊராட்சி அலுவலகம், ஒன்றிய அலுவலகம், கிராம சபை என்று எங்கே வாய் திறக்க விட்டாலும் மண்ணைத்தான் கேட்பேன். "டீச்சர் எழுந்துட்டாங்க, மண்ணு வருது" என்று முன்வரிசையில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஐப்பசி பிறந்தால் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அது வடிந்த பிறகும் தை வரைக்கும் சேறு. என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லாம் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் நடுவில். அத்தனை பேரையும் மாதக்கணக்கில் ஒரே அறைக்குள் அடைத்து வைப்பது எப்படி இருக்கும் என்று, வீட்டில் ஒரே ஒரு பிள்ளையை வைத்திருப்பவர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

ஒரகடத்திலிருந்து உள்ளே பிரிகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். பஸ் பிடிக்கிற அவசரத்தில் பிள்ளையைத் தன் இடுப்பிலிருந்து என் இடுப்புக்கு மாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுவார்கள். இந்த வருஷம் மழைக்கு முன்னால் கொல்லை சரியாகவில்லை என்றால், மையத்தையே பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பழைய பள்ளிக் கட்டிடத்துக்கு மாற்றிவிடலாம் என்று மேலே பேச்சு அடிபட்டது. அந்த ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் போகிற வேகத்தைப் பார்த்தால், பெரியவர்களே கையைக் கோத்துக்கொண்டுதான் தாண்டுவோம். எந்த அம்மா பிள்ளையை அங்கே அனுப்புவாள்?

அதனால் புரட்டாசியில் ஒரு நாள் காலையில் டிராக்டர் வந்து கொல்லைப் பக்கம் திரும்பியபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டுநருக்கு என் கையாலேயே மோர் கலக்கிக் கொடுத்தேன். இரண்டாம் நடைக்கு வந்தபோதும் கொடுத்தேன்.

வந்தது மண் இல்லை. உடைந்த ஷீட்டு. சாம்பல் நிறத்தில் வரி வரியாக இருக்குமே, கூரைக்குப் போடுகிற சிமெண்ட் ஷீட்டு, அது. எங்கள் ஊரில் வாடகைக்கு அறைகள் விடுகிற ஒருவர், வெளியூர்ப் பையன்கள் தங்குவதற்குப் போட்டிருந்த பழைய நீளக் கொட்டகையை இடித்துவிட்டு மாடி கட்டுகிறார். இடித்த ஷீட்டை எங்கே போடுவது என்று அவருக்குக் கவலை. பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது என்று ஊராட்சிக்குக் கவலை. இரண்டு கவலையும் ஒரே டிராக்டரில் ஏறி என் கொல்லைக்கு வந்து இறங்கிவிட்டன. ஷீட்டை ஜேசிபி விட்டு நொறுக்கி, ரோலர் ஓட்டி, மேலே நாலு விரற்கடை மண் தூவிவிட்டால் தரை சிமெண்ட் மாதிரி கெட்டியாகிவிடும் என்றார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

படாமல் எப்படி இருக்கும்? எங்கள் பக்கத்தில் ஷீட்டுக்குச் சாவே கிடையாது. முதலில் வீட்டுக்குக் கூரையாக இருக்கும். வீட்டைத் தளம் போட்டுக் கட்டியதும் அதே ஷீட்டு குளியலறைக்கு மேலே போகும். அங்கே விரிசல் விட்டால் மாட்டுக் கொட்டகைக்கு. அங்கேயும் உடைந்தால் கோழி அடைக்க, வேலி இடுக்கை மறைக்க, தண்ணீர்த் தொட்டியை மூட. யாருக்கும் எதற்கும் ஆகாது என்கிற அளவுக்கு நொறுங்கின பிறகு வாசல் பள்ளத்தில் போட்டு மிதிப்போம். வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கிக்கொண்டு போகிற பொருள் அது. குப்பையில் போட்டால்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

அன்று மத்தியானம் வரைக்கும் நானும் ஆயாவும் ஓரத்தில் சரிந்து கிடந்த துண்டுகளை எடுத்து உள்பக்கமாக அடுக்கினோம். ஆயா என்றால் எங்கள் மையத்தின் உதவியாளர்; சமைப்பதும், பிள்ளைகளைக் கழுவிவிடுவதும், எனக்குக் கோபம் வரும்போது குறுக்கே நிற்பதும் அவர் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அடுக்கி முடித்ததும் ஆயா தென்னந்துடைப்பத்தை எடுத்துத் தூளைப் பெருக்கினார். வெயிலில் அது பவுடர் மாதிரி எழுந்து எங்கள் முகத்திலேயே அப்பியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரித்தோம்.

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் லைன் வேலை. முதல் ஷிஃப்ட் முடிந்தால் பைக்கில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அன்று நான் பெருமையாகக் கொல்லைக் கதவைத் திறந்து காட்டினேன். மனிதர் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார்.

"இத யாரு கொட்டுனது?"

"பஞ்சாயத்துதான். இன்னா, ஒரு மாதிரி பாக்கறீங்க?"

"எங்க கம்பெனில பழைய ஸ்டோர்ஸ் மேல இருந்தது இதே ஷீட்டுதான். போன வாரம் பிரிச்சாங்க. எங்கள கிட்டயே வுடல. தலையில இருந்து கால் வரிக்கும் வெள்ள டிரஸ் மாட்டிக்கினு, மூஞ்சில மாஸ்க் போட்டுக்கினு வந்தானுங்க. தண்ணி அடிச்சி அடிச்சி நனைச்சி, ஒரு ஷீட்டுக்கு நாலு பேரு புடிச்சி, பொணத்த எறக்கற மாதிரி எறக்குனாங்க. பாலிதீன்ல ரெண்டு சுத்து சுத்தி ஒட்டி, லாரில ஏத்திக்கினு போனாங்க. கேண்டீனுக்குப் போற வழியக்கூட மாத்தி வுட்டுட்டாங்க."

"எதுக்கு அவ்ளோ மரியாத?"

"ஆஸ்பெஸ்டாஸாம். ஒடைஞ்சா அதுல இருந்து கண்ணுக்குத் தெரியாத நாரு மாதிரி தூளு வருமாம். மூச்சுல போனா நெஞ்சுலயே உக்காந்துக்குமாம். ஒடனே ஒண்ணும் பண்ணாதாம். இருவது முப்பது வருஷம் கழிச்சிதான் வேலையக் காட்டுமாம்."

முப்பது வருஷம் கழித்து என் பிள்ளைகளில் யாருக்கும் வயது முப்பத்தைந்துகூடத் தாண்டியிருக்காது. பயம் வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். எதிரே இருந்தது அவர்தான்.

"இத மொதல்லயே வூட்ல சொல்லித் தொலைச்சா இன்னா?"

"நான் எங்க சொல்றது? கம்பெனி கதைய எடுத்தாலே, மொதல்ல கைய கழுவிட்டு வாங்கன்னுவ."

"நம்ம வூட்டு மேல கீறதும் இதே ஷீட்டுதானே?"

"அது முழுசா கீது. முழுசா கெடக்கற வரிக்கும் பயமில்லன்னுதான் சேஃப்டி ஆளு சொன்னாரு. ஓட்டை போடக் கூடாது, அறுக்கக் கூடாது, நொறுக்கக் கூடாது. அவ்ளோதான்."

நொறுக்குவதற்குத்தான் இங்கே ஜேசிபி வரப்போகிறது. கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். ஜன்னல்களையும் சாத்தினேன். மறுநாளிலிருந்து பிள்ளைகள் அந்தப் புழுக்கத்துக்குள்ளேதான்.

அடுத்து நான் போனது ஊராட்சி அலுவலகத்துக்கு. எங்கள் ஊராட்சிக்குத் தலைவர் ஒரு பெண். ஆனால் ஊரில் எல்லோரும் 'தலைவர்' என்று கூப்பிடுவது அவருடைய வீட்டுக்காரரை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இன்னா டீச்சர், நானே ஷீட்டு வூட்ல பொறந்து வளந்தவன். எனக்கு இன்னா ஆச்சி? மண்ணு மண்ணுன்னு உசுர வாங்குனீங்க. கொண்டாந்து கொட்டுனா, இது ஆவாது அது ஆவாதுன்றீங்க. வெள்ளிக்கெழம காலைல ஜேசிபி வருது. ஒரே நாள்ல வேல முடிஞ்சிடும்."

ஊராட்சிச் செயலரிடம் போனேன். ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள் என்றார். ஒன்றிய அலுவலகத்தில், இது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிற விஷயம் என்றார்கள். வாரியத்தின் அலுவலகத்துக்குப் போன் போட்டால், எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் உள்ளாட்சியிலிருந்து எழுத்தாகக் கேட்டால்தான் ஆளை அனுப்ப முடியும் என்றார். உள்ளாட்சிதானே அய்யா கொண்டுவந்து கொட்டியிருக்கிறது என்றேன். அப்படியானால் கொட்டக் கொடுத்தவர் யாரென்று கேளுங்கள் என்றார். கொட்டகைக்காரர் வீட்டுக்கும் போனேன். அவர் பேச்சு இன்னும் தெளிவு. "நானா கொண்டாந்து போட்டேன்? பஞ்சாயத்து கேட்டுது, குடுத்தேன். குடுத்தப்பறம் அது ஒங்களுது."

ஆக, அந்த ஷீட்டு யாருடையதும் இல்லை. கொடுக்கும்போது சொந்தக்காரர் இருந்தார், வாங்கும்போது சொந்தக்காரர் இருந்தார், எடுக்கச் சொன்னால் ஒருத்தரும் இல்லை. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் அலைந்ததில் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும் போல இருந்தது.

இதற்கு நடுவில் ஊர்க்காரர்கள் வேறு. நல்ல ஷீட்டு கொட்டிக் கிடக்கிறது என்று தெரிந்து, கோழி அடைக்க ஒரு துண்டு, அடுப்புக்கு மறைப்பாக ஒரு துண்டு என்று ஒருவர் பின் ஒருவராக வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி தலையில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து நான் தெருமுனை வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினேன். அவள் நின்று, "ஒரு துண்டு எடுத்தா கொறஞ்சா பூடும்? ஒங்க வூட்டு சொத்தா டீச்சர் இது?" என்று கேட்டுவிட்டு அதை என் காலடியில் தொம்மென்று போட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கஞ்சத்தனம் பண்ணுகிறேன் என்றுதான் அந்தத் தெருவே நினைத்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லி நான் புலம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டை ஒட்டி இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள், எல்லோருக்கும் கம்பெனி வேலை. அவர்களில் மூத்தவன் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"இதுக்கு ஏங்க்கா இவ்வளவு வெசனப்படுதிய? ஹோல்ட் போட்ருவோம்."

"ஹோல்ட்டுன்னா?"

அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் முகம் மாறியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

பிறகு விளக்கிச் சொன்னார்கள். லைனில் ஒரு பொருளில் சந்தேகம் வந்தால், அதன்மேல் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டி 'ஹோல்ட்' என்று எழுதிவிடுவார்களாம். அதைச் சுற்றி சிவப்பும் வெள்ளையுமாக டேப் கட்டிவிடுவார்களாம். அவ்வளவுதான். தரம் பார்க்கிறவர் வந்து கையெழுத்துப் போட்டு அவிழ்க்கிற வரைக்கும் அந்த டேப்பை ஒருத்தரும் தாண்டக் கூடாது. சூப்பர்வைசர் தாண்டக் கூடாது, மேனேஜர் தாண்டக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய அதிகாரியே டேப்புக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாராம். தாண்டினவனுக்கு அன்றோடு கேட் பாஸ் கிடையாது.

"அது கம்பெனில. இங்க யாரு மதிப்பாங்க? இந்த ரிப்பனப் பாத்தா ஜேசிபி நின்னுடும்?" என்று நான் அவர்கள் மேலேயே எரிந்து விழுந்தேன். அவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கடையில் டேப் சுருள் ஒன்று வாங்கி வந்தார்கள். வெளிச்சம் இருக்கும்போதே குவியலைச் சுற்றித் தள்ளித் தள்ளிக் கம்பு நட்டு, இடுப்பு உயரத்துக்கு டேப்பை இழுத்துக் கட்டினார்கள். மஞ்சள் நைலான் கயிற்றில் சிவப்பு அட்டை தொங்கியது. 'உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். நிலை: ஹோல்ட். அனுமதி இல்லாமல் தொடக் கூடாது' என்று மூத்தவன் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான். ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. எங்கள் ஆயா மட்டும், "கும்பாபிஷேகத்துக்குக் கட்டுன மாதிரி கீது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஜேசிபி வந்தது. பின்னாலேயே புல்லட்டில் 'தலைவர்' வந்தார். வாசல்படியில் நான் நின்றேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். வண்டிக்கு முன்னால் போய்ப் படுத்துவிடுவது என்று எனக்குள் முடிவுகூட எடுத்திருந்தேன்.

ஜேசிபி கொல்லைப் பக்கம் திரும்பியது. டேப்புக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. என்ஜின் அணைந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, சிவப்பு அட்டையை நின்று நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுத் திரும்பி, "பர்மிட் யாரு சார் குடுக்கறது?" என்று கேட்டார்.

"இன்னா பர்மிட்டு?" என்றார் 'தலைவர்'.

"ஹோல்ட் போட்டுக்கீதே சார். ஓப்பன் பண்ணிக் குடுத்தாதான் உள்ள போவ முடியும்."

"யோவ், இது இன்னா கம்பெனியா? அங்கன்வாடிய்யா. பசங்க வெளையாட்டுக்குக் கட்டுன டேப்பு. தள்ளிக்கினு போ."

ஓட்டுநர் அசையவில்லை. "கோவிச்சிக்காதீங்க சார். மாசத்துல பாதி நாளு என் வண்டி கம்பெனிக்குள்ளதான் ஓடுது. போன தபா ஒருத்தன் இந்த மாதிரிதான், சும்மா டேப்புதானேன்னு தாண்டிட்டான். அவன மட்டும் இல்ல, காண்ட்ராக்டர் வண்டி அத்தனையும் வெளிய அனுப்பிட்டாங்க. எங்க மொதலாளிக்குத் தெரிஞ்சா என் பொழப்பு பூடும்."

'தலைவர்' போய் டேப்பை ஒரு இடத்தில் பிய்த்து எறிந்தார். "இப்ப போ!"

"நீங்க பிச்சீங்க சார். நான் போட்டோ எடுத்து வெச்சிக்கறேன்" என்று அவர் உண்மையாகவே போனை எடுத்தார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி என்ன சொன்னாரோ தெரியாது. ஓட்டுநர் போனை வைத்துவிட்டு, எதிரே இருந்த புங்கமர நிழலில் போய் உட்கார்ந்து, எங்கள் ஆயாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டி முன்னால் படுக்க வேண்டிய தேவை இல்லாமல் போனதில் பெரிய நிம்மதியும் வந்தது. ஆனால் ஒரு டேப் எத்தனை நேரம் தாங்கும்? வேறு ஜேசிபி கொண்டுவந்தால்? பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டுத் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். கையெழுத்துப் போடுகிற உரிமை இருக்கிற தலைவரிடம்.

அவர் அடுப்படியில் இருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தத் தூளு உள்ள போனா கொழந்தைங்களுக்கு இப்ப இன்னா ஆவும்?"

"இப்ப ஒண்ணும் ஆவாதுக்கா. முப்பது வருஷம் கழிச்சி ஆவலாம்."

"அப்ப நாம யாருமே இருக்க மாட்டோமே. அந்தப் புள்ளைங்க யாரப் போயி கேக்கும்?"

அவர் அடுப்பை அணைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு என்கூடவே நடந்து வந்தார். அங்கன்வாடிக்கு வந்ததும் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, "வண்டியத் திருப்பி அனுப்புங்க" என்றார். சத்தம் போடவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கிக்கொண்டார். ஜேசிபி வந்த வழியே திரும்பிப் போனது. ஓட்டுநர் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அன்றே அக்கா பெயரில் வாரியத்துக்குக் கடிதம் போனது. இரண்டொரு நாளில் பொறியாளர் வந்தார். சின்ன வயசுப் பெண். குவியலைப் பார்த்த உடனே, இதை முதலில் நனைத்து வையுங்கள், காய விடாதீர்கள், தார்ப்பாய் போட்டு மூடுங்கள் என்றார். கொட்டகைக்காரரையும் வரவழைத்துச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். இடித்தவர்தான் ஒழுங்காக அப்புறப்படுத்த வேண்டும். அவர் செய்யாவிட்டால் ஊராட்சி அப்புறப்படுத்திவிட்டு அவரிடம் செலவை வசூலிக்கலாம். எப்படியானாலும் கொட்டுவதற்கென்று அனுமதி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். ஏரிக்கரைக்கும் பள்ளத்துக்கும் போகக் கூடாது.

நான் வெட்கத்தை விட்டு, முதல் நாள் நானும் ஆயாவும் அதைக் கையால் அள்ளியதையும் பெருக்கியதையும் சொன்னேன். "ஒரு நாள் பட்டதுக்காகத் தூக்கம் கெடுத்துக்காதீங்கம்மா. வருஷக்கணக்கா அதிலேயே வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். இனிமே தொடாதீங்க, அது போதும்" என்றார். பக்கத்தில் நின்ற ஆயா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அத்தனை நாளும் அவர் பயந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரரின் கம்பெனியில் மிச்சம் இருந்த ஷீட்டை ஏற்ற அனுமதி பெற்ற லாரி மறுபடி வருவதாக இருந்தது. பொறியாளர் பேசி, அதையே எங்கள் ஊருக்கும் வரச் செய்தார். வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வந்தார்கள். அன்று மையத்துக்கு விடுமுறை விட்டிருந்தோம். தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பாலிதீனில் சுற்றினார்கள். கோழிக்கூட்டுக்குப் போன துண்டுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என்னோடு சண்டை போட்டவள்தான் அவற்றை ஈரச் சாக்கில் வைத்து முதலில் கொண்டுவந்தாள். "சொல்றத அன்னிக்கே புரியற மாதிரி சொல்லியிருக்கலாம்ல" என்று அதற்கும் என்னைத்தான் திட்டினாள். குவியல் இருந்த இடத்தில் மேல்மண்ணையும் சுரண்டி மூட்டை கட்டினார்கள்.

எல்லாம் ஏற்றியாகிவிட்டது. லாரிக்காரர் காகிதத்தை நீட்டினார். ஒப்படைப்பவர் கையெழுத்து இல்லாமல் வண்டி நகராது என்றார். கொட்டகைக்காரர், "நான்தான் அப்பவே குடுத்துட்டேனே" என்று ஒதுங்கினார். 'தலைவர்', "நாங்க நல்லதுக்குத்தானே வாங்கினோம்" என்று இழுத்தார். செயலர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தூரமாக நடந்தார். அந்தப் போனில் மணி அடித்த சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து ஒரு கையெழுத்துக்காக எல்லாவற்றையும் திரும்ப இறக்கிவிடுவார்களோ என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன்.

அக்கா முன்னால் வந்து பேனாவை வாங்கினார்.

"யோசிச்சிப் போடு. செலவு நம்ம தலையில வந்துடும்" என்றார் அவர் வீட்டுக்காரர்.

"வரட்டும். இடிச்சவருகிட்ட வாங்கிக்கலாம், மேடம் சொன்னாங்கல்ல. எங்க பஞ்சாயத்து மண்ணுல கெடக்குது. தலைவர் நான். வேற யாரு போடறது?"

போட்டார். லாரி கிளம்பியது. தெரு திரும்பி, பெரிய ரோட்டில் ஏறி, கார் ஏற்றிப் போகிற நீள வண்டி ஒன்றுக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அத்தனை நாள் தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது. அழுதேன். அக்கா என்னைப் பார்த்து, "மண்ணு எப்ப வேணும்னு கேக்காம அழுதுக்கினு கீற" என்றார்.

அடுத்த வாரமே ஏரியில் தூர் வாரிய சவுட்டு மண் வந்தது. சுத்தமான மண். மழை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னால் மேடு கட்டிச் சமன் செய்து முடித்துவிட்டார்கள். மையத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றுகிற பேச்சும் அதோடு அடங்கியது.

காலையில் பிள்ளைகள் எல்லோரும் வந்து சேர்ந்ததும் கொல்லைக் கதவின் தாழை எடுத்து இரண்டு பக்கமும் அகலத் திறந்தேன். வெளிச்சமும் காற்றும் ஒரேயடியாக உள்ளே வந்தன. "போங்க, வெளையாடுங்க" என்றேன்.

ஒரு பிள்ளையும் நகரவில்லை. எல்லோரும் வாசலுக்கு உள்ளே ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அத்தனை நாளும் அந்தக் கதவுப் பக்கம் தத்தித் தத்திப் போன குழந்தையைக்கூட நான் அதட்டி இழுத்து வந்திருக்கிறேன். ஆயா வேறு அங்கே பூச்சாண்டி படுத்திருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். பெரியவர்கள் நாங்கள் சொன்னதை அந்தப் பிள்ளைகள் முழுசாக நம்பியிருந்தார்கள். மூன்று வயதுப் பெண் ஒருத்தி என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நீ மொதல்ல போ" என்றாள்.

போனேன். புது மண் காலில் குளிர்ச்சியாக அமுங்கியது. நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கை மண்ணை அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன். அவள் வாசலில் நின்று என் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒரு காலை வெளியே வைத்தாள்.